நம்மைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும்? – ஒரு தேடலும் கொஞ்சம் வரலாறும்

போன மாசம் அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னவன், அப்பா பெயர், தாத்தா பெயர், கதவு எண், நிலத்தின் புல எண், உட்பிரிவு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். "ஐயா தவறிப் போய் மூணு வருஷம் ஆச்சு, பட்டா இன்னும் அவர் பேர்லயே இருக்கு. இந்த வாரத்துக்குள்ள மாத்தலன்னா புறம்போக்குக் கணக்குல போயிடும்" என்று சொல்லி, கட்டணம் 4,800 ரூபாயை ஒரு எண்ணுக்கு அனுப்பச் சொன்னான். அம்மாவுக்குக் கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி சந்தேகப்பட்டு எனக்குப் போன் செய்ததால் பணம் தப்பியது.

நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், யாரோ கூப்பிட்டான் என்று எப்படி நம்பினீங்க என்று. அம்மா சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "நான் என்ன தம்பி பண்றது? ஒங்க தாத்தா பேரு மொதக்கொண்டு சரியாச் சொல்றான். புல நம்பர் எனக்கே மனப்பாடம் கிடையாது. ஆபீஸ்காரனா இல்லாம வெளியாளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. எப்படித் தெரியும்?

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். என் கடவுச்சொல் எதையும் பயன்படுத்தக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது, காசு கொடுத்து வாங்கக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவன் என்னைப் பற்றி எதை எடுக்க முடியுமோ அதை மட்டும் எடுக்க வேண்டும்.

ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வருவாய்த்துறையின் நில ஆவணப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்தால் அப்பா பெயரில் சிட்டா கிடைத்தது. அதில் அவர் அப்பாவின் பெயர், பட்டா எண், புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை எல்லாம் இருக்கின்றன. புல எண் கையில் வந்துவிட்டால் வில்லங்கச் சான்று. எங்கள் நிலத்தை யார் யாருக்கு எந்த வருஷம் எழுதிக் கொடுத்தார், என்ன தொகைக்கு, எந்த ஆவண எண், நான்கெல்லை என்ன, அடமானம் வைத்து மீட்டது எப்போது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். 1975 வரை பின்னோக்கிப் போகலாம். தாத்தா ஒரு முறை அரைக் காணியை அடமானம் வைத்தது எங்கள் வீட்டில் யாரும் பேசாத சமாச்சாரம். அது அங்கே இரண்டு வரியில் இருந்தது. அடுத்து வாக்காளர் பட்டியல். அம்மாவின் பெயர், கணவர் பெயர், வீட்டு எண், வயது.

சரி, இதெல்லாம் ஏன் பொதுவில் இருக்கிறது? யாரோ ஒரு அதிகாரி அசட்டையாகத் திறந்து போட்டுவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு திறக்கப்பட்ட கதவு. அந்தக் காரணங்களைத் தேடிப் போனபோது எனக்குப் பல விஷயங்கள் பிடிபட்டன.

கல்லில் ஒரு முகவரிப் புத்தகம்

எங்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டைச் (கி.பி. 1014) சேர்ந்த ஒரு நீண்ட கல்வெட்டு உண்டு. கோயில் பணிக்காகச் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் சுமார் 400 பேரின் பட்டியல் அது. ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர், எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், இப்போது எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும் இருக்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு உறவில் தகுதியுள்ள யாருக்குப் போகும் என்ற விதியும் இருக்கிறது.

பெயர், பூர்வீகம், கதவு எண், வருமானம், வாரிசு. இன்றைக்கு ஒரு மோசடிக்காரனுக்கு வேண்டிய அத்தனை களங்களும் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில்! படிக்கும்போது சிரிப்புதான் வந்தது. ஆனால் அங்கே பெயர் இருப்பதில் ஒரு லாபமும் இருந்தது. நாளைக்கு ஒரு அதிகாரி வந்து "உனக்குப் பங்கு கிடையாது" என்று சொன்னால், சுவரைக் காட்டலாம். எழுதியது எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தால்தான் உரிமை நிற்கும். நிலதானக் கல்வெட்டுகளில் நான்கெல்லையை அத்தனை விலாவாரியாக வெட்டி வைத்ததும் இதே யோசனைதான். அந்தப் பெண்களைக் கேட்டுவிட்டா எழுதினார்கள் என்றால், அதற்குக் கல்வெட்டில் விடை இல்லை. பொது ஆவணத்தின் இரண்டு முகமும் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன.

திறந்த புத்தகமும் மூடிய புத்தகமும்

ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்பது, பழைய தேதி போட்டுப் பத்திரம் எழுதுவது என்று வழக்குகள் மலிந்த காலம். 1864இல் பதிவுச் சட்டம் வந்தது. அதன்பின் பல முறை திருத்தி எழுதப்பட்டு, கடைசியில் 1908ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. இன்றைக்கும் சார்பதிவாளர் அலுவலகம் ஓடுவது அந்தச் சட்டத்தில்தான்.

அதன் 57ஆம் பிரிவை நான் இதற்கு முன் கவனமாகப் படித்ததில்லை. படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தையும், பதிய மறுத்ததற்கான காரணங்கள் எழுதப்படும் 2ஆம் புத்தகத்தையும் கட்டணம் கட்டிய எவரும் பார்க்கலாம். உயில்கள் ஏறும் 3ஆம் புத்தகம் அப்படி இல்லை. எழுதி வைத்தவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல். இதர ஆவணங்கள் ஏறும் 4ஆம் புத்தகத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும் நகல். 3, 4ஆம் புத்தகங்களில் தேடும் வேலையையும் பதிவு அதிகாரியேதான் செய்ய வேண்டும், வெளியாள் புரட்டக் கூடாது.

அதாவது 'பொது' என்பதை மொத்தமாக ஒரே கதவாக அவர்கள் பார்க்கவில்லை. நிலத்தை வாங்க வருகிறவன் ஏமாறக் கூடாது, அதனால் நிலக் கணக்கு திறப்பு. ஒரு பெரியவர் எந்த மகனுக்கு எதை எழுதி வைத்தார் என்பது அவர் கண் மூடும்வரை ஊருக்குத் தேவையில்லை, அதனால் உயில் மூடல். எதற்காகத் திறக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டுமே திறந்திருக்கிறார்கள். இன்றைக்கு ஆவணங்களை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இந்த ஒரு பிரிவைப் படித்தாலே போதும் என்று தோன்றியது.

இன்னொன்று. சட்டம் 'எவரும் பார்க்கலாம்' என்று சொன்னாலும், நடைமுறையில் அந்த 'எவரும்' ஆபீஸுக்கு நடந்து வந்தாக வேண்டும். மனு எழுதி, கட்டணம் கட்டி, பெயர் சொல்லி, எழுத்தர் முன்னால் நிற்க வேண்டும். கிராமக் கணக்கும் அப்படித்தான். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒழிக்கும்வரை சிட்டாவும் அடங்கலும் கர்ணம் வீட்டில்தான். வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து எங்கள் தாத்தாவின் நிலக் கணக்கைக் கேட்டிருந்தால், "நீ யாரு, ஒனக்கு எதுக்கு?" என்று கர்ணம் கேட்டிருப்பார். சாயங்காலத்துக்குள் செய்தி தாத்தா காதுக்கும் வந்திருக்கும். கர்ணத்தின் அதிகாரத்தால் ஏழைபாழைகள் பட்ட பாடு தனிக்கதை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் இருந்தது. பார்க்க வந்தவனையும் ஊர் பார்த்தது. இப்போது பார்க்கிறவன் யாரென்று யாருக்கும் தெரியாது.

இன்னாரின் மனைவி

வாக்காளர் பட்டியல் பொதுவில் இருப்பதற்கும் வலுவான காரணம் உண்டு. வரைவுப் பட்டியலை வெளியிட்டு, பெயர் விட்டுப்போனவர் சேர்க்கச் சொல்லலாம், தவறான பெயரை அதே தொகுதி வாக்காளர் ஆட்சேபிக்கலாம். போலி வாக்காளரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் பெயரும் வயதும் வீட்டு எண்ணும் தெரிய வேண்டும்தானே.

1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரை அந்நிய ஆணிடம் சொல்ல மாட்டோம் என்று "இன்னாரின் மனைவி", "இன்னாரின் அம்மா" என்றே எழுதச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. பெயர் இல்லாதவர்களுக்கு வாக்கு இல்லை என்று முடிவானதில் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அடுத்த தேர்தல்களில் நிலைமை சீரானது. தன் பெயரை வெளியே சொல்வதா, வாக்கை இழப்பதா என்ற கேள்வியை அந்தப் பெண்கள் முன்னால் வைத்தது இதே பட்டியல்தான். குடிமகள் ஆக வேண்டும் என்றால் பெயர் பொதுவாக வேண்டும். அது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இலவசமாகக் கிடைத்தது இல்லை.

2018இல் பட்டியலை எளிதாகத் தேடக்கூடிய எழுத்து வடிவில் தர வேண்டும் என்று ஒரு கட்சி சார்பில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பக்கங்களைப் படமாகத் தருவதே போதும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரும் இயந்திரத்தை வைத்து மொத்தமாக அள்ளிவிடக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். எதிர்த்தரப்பின் வாதம், போலிப் பெயர்களைப் பிடிக்கத் தேடும் வசதி வேண்டும் என்பது. இரண்டு பக்கமும் சொன்னது உண்மைதான், சிக்கலும் அதுதான்.

2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, 2002, 2005 காலத்துப் பழைய பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ ஜனங்கள் தேடித் திரிந்தது நினைவிருக்கும். நானும் தேடினேன். அப்பா அதில் 51 வயதுக்காரராக இருந்தார். அம்மா பெயரில் ஒரு எழுத்து தப்பு. அந்தப் பக்கத்தை அன்றைக்குக் கொஞ்ச நேரம் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியல் பொதுவில் கிடைத்ததற்காக அன்று நன்றிதான் சொன்னேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பழைய பெயர் போகாது

இதற்கெல்லாம் மேலே என்னை உறுத்தியது அரசிதழ். பெயர் மாற்றிக்கொள்கிறவர்கள் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆறாம் பகுதியின் நான்காம் பிரிவில் வரும். பழைய பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முழு முகவரி, புதிய பெயர், எல்லாம் ஒரே பத்தியில். காரணம் சரிதான். கடன் வாங்கியவன் பெயரை மாற்றிக்கொண்டு ஓடிவிடக் கூடாது. அச்சிட்ட அரசிதழ் நூலகத்தில் கட்டுக்கட்டாகத் தூசி படிந்து கிடந்தவரை யாரும் புரட்டப் போவதில்லை. இப்போது அது இணையத்தில்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சாதி தெரியும்படியான பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டார். வீடு வாடகைக்குப் பார்க்கும்போதெல்லாம் பட்ட அவமானம்தான் காரணம். "எந்தப் பேர மறைக்கணும்னு மாத்துனேனோ, அந்தப் பேரையும் இந்தப் பேரையும் சேர்த்து ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கு சார்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

பொது ஆவணமும் அந்தரங்கமும் மோதிய முக்கியமான வழக்கு நம்ம ஊரில்தான் பிறந்தது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன்னைத் தனியாக விட்டுவிடச் சொல்லும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது. அதே மூச்சில், ஒரு விஷயம் நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் ஏறிவிட்டால் அதைப் பொறுத்தவரை அந்தரங்க உரிமை நிற்காது என்றும் சொன்னது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பெயர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்த தீர்ப்பு அது. ஆனால் 1994இல் 'பொது ஆவணம்' என்றால் மறுபடியும் அதே தூசி படிந்த கட்டுதான். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் கேள்வி தீரவில்லை. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை மறைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். (பெயரை மறைக்கத்தானே கேட்டார், நானும் எழுதவில்லை.) 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதி அமர்வு மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. விடுதலையானவர் ஒவ்வொரு வேலைக்கும் தன் தீர்ப்பைத் தானே விளக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் ரகசியமாக நடக்கவும் கூடாது. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கே தெளிவில்லை.

2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமாவது உதவுமா என்று பார்த்தேன். ஒருவர் தானே பொதுவில் போட்ட தகவலுக்கும், சட்டக் கடமையால் பொதுவில் வைக்கப்பட்ட தகவலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 3ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். அந்த ராத்திரி நான் எடுத்தது எல்லாமே அந்த இரண்டு வகைக்குள்தான் வரும். அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) எனப்படும் தனிநபர் தகவல் பிரிவைத் திருத்தி, அதிகாரிகளைப் பற்றிக் குடிமக்கள் கேட்பதைக் கடினமாக்கியிருக்கிறது. அம்மாவின் புல எண் திறந்தே இருக்கும், ஆபீஸின் கோப்பு மூடிக்கொள்ளும்.

மீதி இரண்டு தகவல்கள்

இங்கே முடித்திருந்தால் எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் கணக்கில் ரெண்டு உதைத்தன. அப்பா இறந்தது எந்தப் பட்டாவிலும் இல்லை. அம்மாவின் கைப்பேசி எண் எந்த வாக்காளர் பட்டியலிலும் இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் அவனால் அந்தப் பேச்சைத் தொடங்கியிருக்கவே முடியாது.

விடியற்காலை மூன்று மணிவாக்கில் கிடைத்தது. நான் எழுதியது. அப்பா போன மறுநாள் முகநூலில் போட்ட அஞ்சலிக் குறிப்பு. அப்பா பெயர், ஊர், தெரு, இறந்த தேதி. கீழே, பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் வழி கேட்க அம்மாவின் எண். நாற்பத்துச் சொச்சம் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள், பாசத்தோடு.

அவன் இதை வைத்துத்தான் எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எடுத்திருக்க முடியும் என்பது தெரிகிறது. குறிப்பிலிருந்து ஊரும் பெயரும், பெயரிலிருந்து பட்டா, ஊரிலிருந்து வாக்காளர் பட்டியல். அந்தக் காலத்தில் யாரோ ஒரு சட்ட வரைவாளர் உயிலுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் நடுவே யோசித்துப் போட்ட கோட்டை, நான் என் வீட்டு விஷயத்தில் போடவில்லை. எதற்காகத் திறக்கிறேன், எதுவரை திறந்திருக்க வேண்டும்? காரியம் முடிந்த பதினேழாம் நாளே அந்த எண்ணை எடுத்திருக்க வேண்டும். மூன்று வருஷம் கிடந்திருக்கிறது.

எடுத்துவிட்டேன். பகிர்ந்தவர்களில் சிலரிடம் சொல்லி எடுக்க வைத்தேன். அரைக் காணி அடமானத்தை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. பட்டா மாற்றத்துக்கு வாரிசுச் சான்றோடு முறையாக மனுக் கொடுத்தாயிற்று.

படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு ராத்திரி உட்கார்ந்து உங்களைத் தேடிப் பாருங்கள். முடிந்தால் உங்கள் அம்மாவையும். மூடக்கூடியது சிலது இருக்கும், மூட முடியாதது நிறைய இருக்கும். எது எது வெளியே கிடக்கிறது என்று தெரிந்தாலாவது, அதைச் சொல்லிக்கொண்டு வருகிறவனை நம்ப வேண்டியதில்லை.

அம்மாவிடம் கணினியில் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். சிட்டா, வில்லங்கம், பட்டியல், கடைசியில் என் குறிப்பு. என் குறிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிட்டாவில் அப்பா பெயரைப் பார்த்தவர், "அப்ப இதெல்லாம் யாருக்கு வேணும்னாலும் தெரியும். தெரிஞ்சு வச்சிருக்கிறவன்லாம் ஆபீஸ்காரன் கிடையாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "புல நம்பர ஒரு சீட்டுல எழுதிக் குடு தம்பி. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். எழுதிக் கொடுத்தேன்.